மேட்டு மரத்துக்கு என்ன பெயர்

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். மேற்கிலிருந்து காற்று. மழை சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. மூடுபனியில் எதிர்ச்சரிவு தெரியவில்லை. முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் என் மழைமானியில் எழுபத்தொரு மில்லிமீட்டர் சேர்ந்திருந்தது. நான் இந்தக் கணக்கை யாருக்கும் அனுப்புவதில்லை. தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டு ரைட்டராக இருந்து கொழுந்தையும் ஆளையும் மழையையும் எண்ணி எழுதியவன், ஓய்வு பெற்ற பிறகும் எழுதுகிறேன். அப்படி மழைமானியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் வீட்டுக்குப் பின்னால், மேட்டின் விளிம்பில் நின்ற பட்ட மரம் விழுந்தது. மரம் விழுந்தால் முறிகிற ஓசை கேட்கும் அல்லவா? இது முறியவில்லை. லாரியிலிருந்து தண்டவாளத்தை இறக்கிப் போட்டதுபோல ஒரு கனத்த ஓசை, தரை அதிர்ந்தது, அவ்வளவுதான். எழுபது அடி மரம் விழுந்த இடத்தில் உடைந்த சிராய் ஒன்றுகூட இல்லை.

இலங்கையில் போகவந்தலாவைப் பக்கம் இருக்கும் என் சொந்தங்களுக்கும், அங்கிருந்து வந்து இங்கே கோத்தகிரியிலும் கூடலூரிலும் சிதறிக் கிடக்கும் நம்மவர்களுக்கும் என் வீடு இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தலாரிலிருந்து இரண்டரை கிலோமீட்டர். ஐந்து சென்ட் நிலம். அதை எனக்கு விற்றவர் மாதா கவுடர், இந்த மலைக்கே உரிய படுகர், என்னைவிட ஆறு வயது இளையவர். மேட்டின் மேல் நான் இருக்கிறேன். பதினெட்டு அடி சரிவுக்குக் கீழே அவர் இருக்கிறார். என் வீட்டின் பின்சுவருக்கும் சரிவின் விளிம்புக்கும் இடையே ஒன்பது அடி. அந்த விளிம்பில், பதினோரு அடி இடைவெளியில், கறுத்த பட்டை உள்ள இரண்டு பெரிய மரங்கள். நிலத்தோடு வந்தவை. ஒன்று மூன்று ஆண்டுகளுக்கு முன் காய்ந்து இலையெல்லாம் கொட்டிவிட்டது. விழுந்தது அதுதான்.

நான் குடையோடு இறங்கிப் போனபோது மாதா கவுடர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மரத்தின் பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய சமையலறைச் சுவருக்கு இணையாக, சுவரைத் தொடாமல், மரம் படுத்திருந்தது. அந்தச் சுவருக்கு உட்புறம்தான் பிரசவத்துக்கு வந்த அவர் மகள் கீதா, பத்தொன்பது நாள் குழந்தையோடு படுத்திருந்தாள்.

“வாங்க ரைட்டரே. உங்க மரம் எங்க ஊட்டுக்கு விருந்துக்கு வந்திருக்குதுங்க. கதவத் தட்டாமயே வந்துருச்சு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரிலிருந்து மரம் வரை குடைக்கம்பால் அளந்தேன். நாலரை அடி.

“அளந்து என்னங்க பண்றது? அந்த நாலரை அடியையும் நீங்களா குடுத்தீங்க?” என்றார். பிறகு மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டாவது மரம், உயிரோடு இருப்பது, கீழ்ப்பக்கமாகவே சாய்ந்து நின்றது. நெஞ்சுயரத்தில் அதன் சுற்றளவு ஏழடி இரண்டு அங்குலம். “அதையும் எடுத்துருங்க ரைட்டரே. கீதாவை முன்னறைக்கு மாத்திடறேன். ஆனா எத்தனை நாளைக்கு?” இதில் தமாஷ் இல்லை.

வெட்டுவதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. அச்சம் வேறு. விழுந்த மரத்தின் வேர், போகும்போது ஏழடி அகலத்துக்கு மேட்டையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. ஒன்பது அடியாக இருந்தது, அந்த இடத்தில் ஆறரை அடியாகிவிட்டது. நிற்கிற மரத்தை வெட்டினால் அதன் வேரும் சாகும். செத்த வேர் மண்ணைப் பிடித்திருக்காது. வெட்டாவிட்டால் கீழே குழந்தை; வெட்டினால் மேலே எங்கள் வீடு.

செத்த வேர் என்ன செய்யும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அங்கே, இலங்கைத் தோட்டத்தில், எனக்குப் பன்னிரண்டு வயதில், எங்கள் லயத்துக்கு, வரிசைக் குடியிருப்புக்கு, மேலே நின்ற மரங்களைத் தோட்டத் துரை விற்றார். முப்பத்துநான்கு மரம், நான் எண்ணினேன். தரையோடு தரையாக வெட்டி வண்டியில் ஏற்றினார்கள். லயத்துக்கு வெளிச்சம் வந்தது என்று பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். மூன்று ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் ஆண்டு வைகாசி மழையில் மலை இறங்கி வந்து லயத்தின் பன்னிரண்டு காம்பரா அறைகளில் நான்கை மூடியது. பகல் நேரம், எல்லோரும் கொழுந்து எடுக்கப் போயிருந்ததால் ஓர் ஆடும் ஏழு கோழியும்தான் போயின. மண்ணை அள்ளும்போது எங்கள் அப்பா ஒரு வேரை எடுத்துக் காட்டினார். கையால் நசுக்கினால் நனைந்த ரொட்டி போலப் பொடிந்தது. மரத்தை வெட்டும் நாளும் வேர் பிடியை விடும் நாளும் வேறு வேறு என்று அன்று புரிந்தது. மூன்று ஆண்டு கழித்து நான் கப்பலேறி இந்தியாவுக்கு வந்துவிட்டேன். வந்து ஐம்பது ஆண்டும் ஒன்பது மாதமும் ஆன பின், இத்தலார்ப் பக்கத்தில் பெய்த மழையில் அதே கணக்கு முன்னால் வந்து நின்றது. என் மனைவி பாக்கியமும் இலங்கைதான், பதுளைக்காரி. அவள் சுருக்கமாகச் சொன்னாள்: “வெட்டாம விட ஏலாது. புள்ள படுத்திருக்கிற வூடு.”

சுவர் கட்டுகிற ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். வேரைப் பறித்துவிட்டுக் கல் அடுக்கிச் சுவர் எழுப்ப ஒன்றேமுக்கால் லட்சம் என்றார். நான் அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மலையில் மரம் வெட்ட வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் மரத்தின் பெயர் என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே, உள்நாட்டு இனமா அந்நிய இனமா என்று இன்னொன்று. முதல் கட்டத்தில் யோசிக்காமல் சில்வர் ஓக் என்று எழுதினேன். இரண்டாவதில் பேனா கொஞ்சம் நின்றது. அங்கே என் பிறப்புப் பத்திரத்தில் இந்தியத் தமிழர் என்று இருந்தது. இங்கே வந்த நாள் முதல் சிலோன்காரர் என்கிறார்கள். இந்த மாதிரிக் கட்டங்களை நிரப்பிப் பழகிய கைதான். அந்நியம் என்பதில் குறி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விழுந்த மரத்தைத் துண்டுபோட மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து குடியேறிய ஆறுமுக ஆசாரியை அழைத்தோம். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. அவர் கைவாளின் பல் அரை மணியில் மழுங்கிவிட்டது. ஆணி அடித்துப் பார்த்தார், ஆணி வளைந்தது. மூன்று ஆண்டு காய்ந்து நின்ற மரத்தில் ஒரு புழு ஓட்டைகூட இல்லை. உள்ளே கறுஞ்சிவப்பு. கைவிரல் புதைகிற ஆழத்துக்கு வெடித்த பட்டையை அவர் கொத்திப் பார்த்தபோது, வெடிப்புக்குள் சிவப்புப் பிசின் கெட்டியாக உறைந்திருந்தது.

“ஏனுங்க, சில்வர் ஓக்குன்னு யாருங்க சொன்னது? சில்வர் ஓக்கு பொட்டி அடிக்கிற மரமுங்க. இது வேங்கையாட்ட இருக்குது. பாருங்க, பாலு ரத்தமாட்டம்.”

“வேங்கை இந்தக் குளுருல எங்கீங்க வரும்?” என்றார் மாதா கவுடர். “அது கீழ நாட்டு மரம். இது சீகைங்க. எங்க அப்பன் காலத்துல தோல் பதனிடப் பட்டை உரிச்ச சீகை, வாட்டில் மரம்.”

“சீகைக்கு இந்த எடை வருமாங்க? தூக்கிப் பாருங்க.”

“நான் ஏனுங்க தூக்கோணும்? மரம் ரைட்டருது.”

யார் சொல்வது சரி என்பது எனக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஆசாரி போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். சில மரத்தை இடுப்புயரத்தில் வெட்டினால் அடிமரம் துளிர்த்துக்கொள்ளும், வேர் சாகாது என்றார். சில மரம் அப்படியே செத்துவிடுமாம். பெரிய சில்வர் ஓக்கை நம்ப முடியாது, சீகையும் அப்படித்தான். ஆகவே மேட்டு மரத்தின் பெயர் தெரிந்தால், மேடு நிற்குமா போகுமா என்பது தெரிந்துவிடும்.

இலையைப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். பட்ட மரத்தில் இலை இல்லை. நிற்கிற மரத்துக்கு முதல் கிளையே ஐம்பத்தைந்து அடிக்கு மேலே; ஏற யாரும் முன்வரவில்லை. கீழே விழுந்து கிடக்கும் இலையோ, மேற்குக் காற்றில் எதிர்மலைச் சோலையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்து சேர்ந்த பல மரத்து இலை. ஒரு கூடை அள்ளி வந்து பிரித்தேன், ஒன்பது வகை. எது எங்கள் மரத்துடையது என்று யார் சொல்வது? எனக்குக் கிடைத்தது கட்டையும் பட்டையும்தான்.

முதலில் வளையங்களை எண்ணினேன். எண்ணுவது எனக்குக் கைவந்த வேலை. விழுந்த மரத்தின் அடித்துண்டில் வெட்டுமுகத்தை இழைப்புளி போட்டு வழவழப்பாக்கி, குண்டூசி குத்திக் குத்தி எண்ணினேன். முதல் தடவை ஐம்பத்தேழு. இரண்டாவது முப்பத்தெட்டு. மூன்றாவது தடவை நாற்பத்தொன்றில் வளையம் இருக்கிறதா, நான் கற்பனை செய்கிறேனா என்றே தெரியவில்லை. வாழ்க்கையில் ஓர் எண்ணிக்கை மூன்று முறையும் மூன்று விதமாக வந்தது அதுதான் முதல் தடவை. பாக்கியம் குண்டூசிப் பெட்டியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

அப்புறம் எடை. ஆசாரியிடம் சொல்லி நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பத்து சென்டிமீட்டர் நீள அகல உயரத்தில் ஒரு கனசதுரம் வெட்டி வாங்கினேன். அவர் பட்டறையில் கிடந்த சில்வர் ஓக், சீகை, வேங்கை மூன்றிலும் அதே அளவில் ஒவ்வொன்று. நான்கையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு எமரால்டு கடைத்தெருவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு மளிகைக் கடையில் கிராம் காட்டும் தராசு இருந்தது. கட்டையை எடுத்துத் தட்டில் வைத்ததும் கடைக்காரர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ஏனுங்க பெரியவரே, இதையெல்லாம் இப்படி வெளிச்சத்துல எடுப்பாங்களா? உள்ள வாங்க.”

“எடை மட்டும் தெரிஞ்சா போதும் தம்பி.”

“எடை தெரியாம வெலை பேசுவனுங்களா? மொத்தம் எத்தனை கிலோ வெச்சிருக்கீங்க?”

“மொத்தம் நாலு டன் இருக்கும்.”

அவர் கையிலிருந்த பருப்புக் கரண்டி மூட்டைக்குள் விழுந்தது. சந்தனம் என்று நினைத்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெயர் தெரியாத மரம், பெயர் கண்டுபிடிக்கத்தான் எடை போடுகிறேன் என்று விளக்கினேன். கட்டையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். “வாசமே இல்லீங்களே” என்று என்னவோ நான் ஏமாற்றியது போலத் திருப்பித் தந்தார். ஆனாலும் நல்ல மனிதர். நான்கையும் எடை போட விட்டார். சில்வர் ஓக் ஐந்நூற்று எண்பது கிராம். சீகை எழுநூற்று நாற்பது. வேங்கை எண்ணூற்றுப் பத்து. எங்கள் மரம் ஆயிரத்துத் தொண்ணூறு. அதே அளவு தண்ணீர் ஆயிரம் கிராம்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து வாளியில் போட்டேன்; கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. இது எது எது இல்லை என்று மூன்று பெயர்களை அடித்தாயிற்று. எது என்று எழுத ஒன்றும் இல்லை.

விண்ணப்பம் கொடுத்த முப்பத்தேழாம் நாள் வனவர் வந்தார். நிர்மலா என்று பெயர், முப்பது வயதுக்குள் இருக்கும், தர்மபுரிப் பக்கம். மேட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தார்.

“சார், சில்வர் ஓக்குன்னு எழுதினது யாரு?”

“நான்தான்.”

“தோட்டத்துல வேலை பாத்தீங்களா?”

“முப்பத்தொரு வருஷம் ரைட்டர்.”

“அதான்” என்றார்.

மாதா கவுடர் கீழேயிருந்து சத்தமாகச் சிரித்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மை. தோட்டத்தில் தேயிலைக்கு மேலே நிழலுக்கு நிற்கும் மரம் எல்லாம் பதிவேட்டில் சில்வர் ஓக். மலை என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொரு தேயிலைப் பகுதிக்கும் இத்தனை என்று எண்ணி, அடியில் வெள்ளைச் சுண்ணாம்பால் எண் போட்டு, வரிசையாக எழுதிக்கொண்டே போவோம். கரடுமுரடான கறுத்த பட்டையா, சில்வர் ஓக். நடுவில் எத்தனை வேறு மரங்களுக்கு நான் அந்தப் பெயரைக் கொடுத்து எண் போட்டிருப்பேனோ தெரியாது. எண்ணிக்கை ஒருநாளும் தப்பவில்லை. என்ன மரம் என்று நிமிர்ந்து பார்த்ததும் இல்லை.

அந்தப் பெண் பேனாக்கத்தியால் உயிர் மரத்தின் பட்டையில் ஒரு சீவு சீவினார். உள்ளே சிவப்புப் பிசின் முத்து முத்தாக இருந்தது. நான் கட்டையை வாளியில் போட்ட கதையைக் கேட்டுவிட்டு, அதன் குறுக்குவெட்டை நனைத்து, சட்டைப்பையிலிருந்த சின்ன உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கச் சொன்னார். சல்லடை மாதிரி ஓட்டைகள் தெரிந்தன. வளையக் கோடு இல்லை.

“இதுல வருஷத்துக்கு ஒரு கோடுன்னு தெளிவா விழாது சார். எண்ணிப் பாத்தீங்களா?”

“மூணு தடவை.”

“பாவம்” என்றார் சிரிக்காமல். பிறகு, “இது கற்பூர மரம் சார்” என்றார்.

இப்போது சிரித்தது நான். கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸ் தைலமரத்தை, தெரியாதவன் இந்த மலையில் யார்? பட்டை நாடா நாடாவாக உரிந்து தொங்கும்; உள்ளே தந்தம் போல வெளுத்து வழவழவென்று இருக்கும். மாதா கவுடரும் ஏறி வந்துவிட்டார். “அம்மணி, கற்பூரம் தோலுரிக்கும். இது முதலையாட்டம் இருக்குது.”

“உரிக்காத சாதியும் இருக்கு அண்ணா. ஆஸ்திரேலியாவுல கற்பூரத்துலயே நூத்துக்கணக்குல சாதி. நமக்கு ரெண்டு மூணுதான் பழக்கம். வெள்ளைக்காரங்க அப்ப எது இங்க வருதுன்னு பாக்க அங்கங்க நாலு நாலு கன்னு வெச்சுப் பாத்தாங்க. அதுல மிச்சம் நிக்கறது இது. அயர்ன்பார்க். இரும்புப்பட்டைன்னு வெச்சுக்கங்க. தண்ணியில மூழ்குற எடை, பட்டைக்குள்ள சிவப்புப் பிசின், வளையம் கிடையாது, பட்டை உரியாது. இந்த உயரத்துல நாலும் சேர்ந்து வர்றதுக்கு வேற மரம் எனக்குத் தெரியல.”

“துளிர்க்குமா?” இதைத்தான் நான் ஒரு மாதமாகக் கேட்கக் காத்திருந்தேன்.

வெட்டவேண்டிய உயரத்தை அவர் மரத்தில் கையால் தொட்டுக் காட்டினார். “நான் சொன்ன பேரு சரின்னா துளிர்க்கும். மழை விட்டப்புறம் மூணு அடி விட்டு வெட்டுங்க, தண்ணி நிக்காம சாய்வா. துளிர்க்கலைன்னா நான் சொன்னது தப்பு. அப்ப மூணு வருஷத்துக்குள்ள சுவர் கட்டிருங்க சார்.” விண்ணப்பத்தில் சில்வர் ஓக்கை அடித்துவிட்டு அவரே திருத்தி எழுதினார். கீழ்க்கட்டத்தில் என் குறியைத் தொடவில்லை.

அனுமதி டிசம்பரில் வந்தது. அதுவரை கீதாவும் குழந்தையும் முன்னறையில். நான் காலையும் மாலையும் கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு மரத்தின் சாய்வை அளந்தேன். அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2025 பிப்ரவரி 13, வியாழக்கிழமை, வெயில். நான்கு ஆட்கள், கயிறு, இயந்திர வாள். மரம் வெட்டுகிறவர்களுக்குத் தரையோடு வெட்டித்தான் பழக்கம். மூன்றடி விடச் சொன்னால் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார்கள். மாதா கவுடரும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். “மூணடி மரம் வீணாப் போகுதுங்க ரைட்டரே. ரெண்டு குட்டைத் தூணுக்கு ஆகும்.” நான் அடிமரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மரம் மேட்டுக்கு இணையாக, யார் வீட்டுப் பக்கமும் போகாமல் இறங்கியது. கொப்பிலிருந்து ஓர் இலையைக் கசக்கினேன், தைல வாசம்; கற்பூரம் என்பது சரி, இந்தச் சாதி துளிர்க்குமா என்பதுதான் மிச்சம். அன்றே கீதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பழைய அறைக்குப் போனாள்.

பிறகு காத்திருப்பு. பத்தாம் நாள் ஒன்றுமில்லை. இருபதாம் நாள் ஒன்றுமில்லை. வெட்டுவாயில் சிவப்புப் பிசின் கசிந்து உறைந்தது. முப்பதாம் நாள் நான் அடிமரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். பாக்கியம் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, “தலையில்லாததுக்குத் தண்ணி ஊத்துறாரு” என்றாள். ஆனால் நாற்பதாம் நாள் அவளே ஒரு குடம் ஊற்றியதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. சுவர்க்காரரின் எண்ணைத் தேடி எடுத்து வைத்தேன்.

ஐம்பத்துமூன்றாம் நாள், ஏப்ரல் ஏழு, திங்கட்கிழமை காலை. கீழேயிருந்து மாதா கவுடரின் குரல். பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக் கத்துகிறார்.

“ரைட்டரே! வெளிய வாங்க! உங்க மரம் பொறந்துருச்சு!”

நான் மேல்பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். துளிர்கள் கீழ்ப்பக்கம், அவர் வீட்டைப் பார்த்த பக்கத்தில், பட்டை வெடிப்புகளிலிருந்து செக்கச்செவேலென்று வந்திருந்தன. அவர் ஒன்பது என்றார். நான் மண்டியிட்டு எட்டிப் பார்த்து எண்ணினேன், பதினொன்று. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினேன். சந்தேகமே இல்லை; வெட்டிய அன்று வந்த அதே தைல வாசம். ஐம்பத்தைந்து அடிக்கு மேலே இருந்த இலை இப்போது இடுப்புயரத்தில். ஓடிப்போய் வனவருக்குப் போன் செய்தேன். “அப்பாடா” என்றார். தனக்கும் பயமாக இருந்ததாம்.

இந்த ஆண்டு ஜூலை மழையும் வந்து போயிற்று. விளிம்பில் ஆறு குச்சி நட்டு நூல் கட்டியிருந்தேன். ஒரு குச்சியும் நகரவில்லை. ஆறரை அடி ஆறரை அடியாகவே இருக்கிறது. அறுத்த மரத்தில் பாதி மாதா கவுடரின் மாட்டுக்கொட்டகைக்குத் தூணாகப் போயிற்று. “ஈரத்துல நூறு வருஷம் நிக்குமுங்க, எனக்கப்புறம் எவனாச்சும் எண்ணட்டும்” என்கிறார். ஆக, மரத்தின் உடம்பு கீழ் வீட்டில், வேர் என் வீட்டடியில், துளிர் இரண்டுக்கும் நடுவில் அவர் பக்கம் பார்த்தபடி.

போன வாரம் அடிமரத்தருகே ஊன்ற ஒரு தகரப் பலகை எழுதக் கொடுத்தேன். இனிமேல் யாரும் இதை சில்வர் ஓக் என்று எழுதக்கூடாது. பெயர் இரும்புப்பட்டை என்று சொன்னேன். ஊர் எதுவென்று போட என்று எழுதுகிறவர் கேட்டார். ஆஸ்திரேலியா என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டேன். இத்தலார் என்று சொல்லவும் வரவில்லை. கூட வந்திருந்த பாக்கியம், “ரெண்டையும் எழுதுங்க தம்பி, எடமிருக்கில்ல” என்றாள். இரண்டையும் ஒரே வரியில், நடுவில் கோடு கமா ஏதும் இல்லாமல் எழுதிக் கொடுத்தார். பலகைக்கும் பெயின்ட்டுக்கும் நூற்று எண்பது. அதையும் சேர்த்தால், கூலி, வாள் வாடகை, ஆசாரி, எமரால்டு பஸ் உட்பட, பெயர் கண்டுபிடித்து மேட்டைக் காப்பாற்ற எனக்கு ஆன செலவு பதினாறாயிரத்து நானூற்று நாற்பது ரூபாய்.